இடது கை குழந்தை கிட்டார் கற்கலாமா? கச்சேரி மேடையையே இடம் மாற வைத்த பழனி சுப்ரமணிய பிள்ளையின் கதை

குழந்தைக்கு ஆசையாக ஒரு கிட்டார் வாங்கிக் கொடுக்கிறீர்கள். கையில் வாங்கிய அடுத்த நொடியே அது கழுத்துப் பகுதியை வலது பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, இடது கையால் தந்தியை மீட்டுகிறது. நம்மில் பெரும்பாலோர் அப்போது யோசிக்காமல் செய்வது ஒன்றுதான். கிட்டாரைப் பிடுங்கி, சரியான பக்கம் என்று நாம் நினைக்கும் பக்கமாகத் திருப்பிக் கொடுப்பது.

காஞ்சிபுரம் மாதிரி ஒரு கோயில் ஊரில் இது இன்னும் சீக்கிரமாகவே நடந்துவிடும். தீர்த்தம் வாங்க வலது கை, பிரசாதம் வாங்க வலது கை, காசு கொடுக்க வலது கை. சாப்பிடுவது சோத்தாங்கை, மற்றது பீச்சாங்கை என்று பேச்சிலேயே பிரித்து வைத்திருக்கும் நாம், இசைக்கருவியிலும் அதே கணக்கைத்தான் போடுகிறோம். உலகில் சுமார் பத்தில் ஒருவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். அப்படிப் பார்த்தால் 30 பிள்ளைகள் இருக்கும் பாட்டு வகுப்பில் இரண்டு மூன்று பேராவது இருக்க வேண்டும்.

அந்தப் பிள்ளைகளை என்ன செய்வது என்ற கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சுமார் நூறு வருடத்துக்கு முன்பே ஒரு வீட்டில் இது பெரிய பிரச்னையாக வெடித்தது. கருவி கிட்டார் இல்லை, மிருதங்கம். அப்பாவே வித்வான். பிள்ளைக்கோ இடது கை. அந்தப் பிள்ளைதான் பின்னாளில் கர்நாடக இசை உலகம் மிருதங்க மும்மூர்த்திகளில் ஒருவராகக் கொண்டாடிய பழனி சுப்ரமணிய பிள்ளை.

யார் இந்தப் பழனி சுப்ரமணிய பிள்ளை?

1908-ல் பிறந்தவர். தந்தை பழனி முத்தையா பிள்ளை, தாய் உண்ணாமுலை அம்மாள். முத்தையா பிள்ளை சாதாரண ஆள் இல்லை. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை வழியில் வந்த லய வித்வான். இந்தப் புதுக்கோட்டை வழியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் மேலே வரும் கதை புரியும்.

1859-ல் பிறந்த மான்பூண்டியா பிள்ளைதான் கஞ்சிரா என்ற சின்னக் கருவியைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்வார்கள். பலா மரத்தில் செய்த ஒரு வளையம், அதன் மேல் உடும்புத் தோல், பக்கத்தில் ஒன்றிரண்டு காசு. பஜனையில் தட்டிக்கொண்டிருந்த அந்தக் கருவியை வைத்து அவர் போட்ட தாளக் கணக்குகள் அன்றைய வித்வான்களைத் திகைக்க வைத்தன. அவரிடம் கற்ற தட்சிணாமூர்த்தி பிள்ளை அந்த வழியைத் தென்னாடு முழுக்கப் பரப்பினார். நேர்த்தியான கணக்கு, அழுத்தமான நாதம், தவில் வாசிப்பின் வீரியம், இதுதான் புதுக்கோட்டை பாணி.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில் மூத்தவர்கள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்த பையன் சும்மா இருப்பானா? மிருதங்கத்தில் கை வைத்தான். ஆனால் தப்பான கையை வைத்தான்.

அப்பாவின் கவலை

முத்தையா பிள்ளை மகனை வலது கைக்கு மாற்றப் பார்த்தார், முடியவில்லை. இடது கைக்காரன் மேடையில் தேற மாட்டான் என்று அவர் நினைத்ததாகவும், அதனால் ஆரம்பத்தில் மகன் மேல் பெரிதாக நம்பிக்கை வைக்கவில்லை என்றும் இசை வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள்.

கேட்பதற்குக் கொடுமையாக இருக்கலாம். ஆனால் அவரை வெறும் பிடிவாதக்கார அப்பா என்று ஒதுக்கிவிட முடியாது. கச்சேரி மேடை எப்படி இயங்குகிறது என்பது அவருக்குத் தெரியும். மகனுக்கு என்ன காத்திருக்கிறது என்பதையும் அவர் கிட்டத்தட்ட சரியாகத்தான் கணித்தார்.

பிரச்னை கருவியில் இல்லை. மிருதங்கம் பலா மரத்தைக் குடைந்து செய்வது. ஒரு பக்கம் சின்ன வாய், அதுதான் வலந்தலை. நடுவில் கறுப்பாகத் தெரிகிறதே, அந்தச் சோறு போட்ட பக்கம். பாடகரின் சுருதிக்குச் சேர்ப்பது இதைத்தான். இன்னொரு பக்கம் கொஞ்சம் பெரிய வாய், தொப்பி. அதில் ரவையைப் பிசைந்து ஒட்டினால் கீழ்நாதம் வரும். வலது கைக்காரர் வலந்தலையை வலது பக்கம் வைத்துக்கொள்வார். இடது கைக்காரர் என்ன செய்ய வேண்டும்? மிருதங்கத்தை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். தச்சரையோ வார் பிடிப்பவரையோ கூப்பிட வேண்டியதே இல்லை. அதே மிருதங்கம், அதே நாதம்.

குருவுக்கு எதிரில் உட்கார்ந்து கற்கும்போது இதில் ஒரு வசதியும் உண்டு. வலது கைக்கார குருவுக்கு எதிரே இடது கைப் பிள்ளை உட்கார்ந்தால், கண்ணாடியில் பார்ப்பது மாதிரி இருக்கும். குருவின் கை எந்தப் பக்கம் போகிறதோ, பிள்ளையின் கையும் அதே பக்கம் போகும்.

ஆக, வீட்டுக்குள் எல்லாம் சரி. சிக்கல் மேடையில் ஏறியதும் ஆரம்பிக்கும்.

மேடையில் என்ன சிக்கல்?

கர்நாடகக் கச்சேரி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நடுவில் பாடகர், ரசிகர்களைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். வழக்கப்படி அவருடைய வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். மிருதங்கக்காரர் பாடகரைப் பார்த்தபடி உட்காரும்போது, அவரது வலது கைப் பக்கம் ரசிகர்களை நோக்கி இருக்கும். அதாவது சுருதி சேர்ந்து கணீரென்று பேசும் வலந்தலை, நேராகச் சபையைப் பார்க்கும். இந்த ஏற்பாடு யாரோ சும்மா வைத்ததல்ல.

இப்போது அதே இடத்தில் இடது கைக்காரரை உட்கார வையுங்கள். வலந்தலை பின்சுவரைப் பார்க்கும், தொப்பி ரசிகர்களைப் பார்க்கும். ஒலிபெருக்கி பரவலாகாத காலம் அது. விரலின் நுணுக்கம் பூராவும் சுவருக்குத்தான் கேட்கும்.

தீர்வு சுலபம்தான். மிருதங்கக்காரர் பாடகரின் இடப்பக்கம் போய் உட்கார வேண்டும். ஆனால் அது வயலின்காரரின் இடம் ஆயிற்றே? அவர் எழுந்து எதிர்ப்பக்கம் வர வேண்டும். அங்கேதான் பிடிவாதம் தொடங்கியது. இடம் மாறினால் வயலின்காரரின் வில் பிடிக்கும் கை சபை பக்கம் வந்துவிடும், வயலின் உள்பக்கம் போய்விடும். காலம் காலமாக உட்கார்ந்து பழகிய இடம் வேறு. இன்னொன்றும் உண்டு. மேடையில் இடம் என்பது மரியாதையும்கூட. நேற்று வந்த ஒரு இளைஞனுக்காகப் பேர் பெற்ற வயலின் வித்வான் ஏன் எழுந்து மாற வேண்டும்? பலர் மாட்டேன் என்றார்கள்.

ஒரு கச்சேரிக்கு மிருதங்கம் யார் என்று முடிவு செய்யும்போது சபாக்காரர்களும் பாடகர்களும் இதை யோசித்தார்கள். நன்றாக வாசிக்கிறான், சரி, ஆனால் வயலின்காரரோடு யார் மல்லுக்கட்டுவது? திறமை இருந்தும் வாய்ப்பு தள்ளிப்போனதற்கு இதுதான் காரணம்.

கிட்டாரில் நிலைமை தலைகீழ்

இங்கே கொஞ்சம் நிறுத்திவிட்டு, ஆரம்பத்தில் பார்த்த குழந்தையிடம் வருவோம். மிருதங்கத்தில் கருவி சுலபம், மேடை கஷ்டம். கிட்டாரில் நேர் எதிர். மேடையில் யார் எந்தப் பக்கம் நின்றாலும் யாரும் கேட்கப்போவதில்லை. கருவியைத்தான் சும்மா திருப்பிவிட முடியாது.

வழக்கமான கிட்டாரில் ஆறு தந்திகள். தடித்த தந்தி மேலே, மெல்லிய தந்தி கீழே. திருப்பிப் பிடித்தால் இந்த வரிசை தலைகீழாகிவிடும். சரி, தந்தியைக் கழற்றி மாற்றிக் கட்டலாமே என்றால், கழுத்தின் உச்சியில் தந்தி உட்காரும் வெட்டுகள் ஒவ்வொன்றும் அந்தந்தத் தந்தியின் தடிமனுக்கு ஏற்றபடி அளவாக இருக்கும். தடித்த தந்தி மெல்லிய வெட்டில் உட்காராது. கீழே பாலத்தில் உள்ள பட்டையும் இரும்புத் தந்தி கிட்டாரில் லேசாகச் சாய்வாக வைக்கப்பட்டிருக்கும். தந்தியை மட்டும் மாற்றினால் கழுத்தில் மேலே போகப் போக சுருதி விலகும். அதனால்தான் இடது கைக்கென்றே தனி கிட்டார் செய்கிறார்கள். அது எல்லாக் கடையிலும் கிடைக்காது, கிடைக்கும் மாடல்களும் குறைவு.

நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டாரிலும் உகுலேலேவிலும் இந்தத் தொல்லை கொஞ்சம் கம்மி. உடல் பெரும்பாலும் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், பாலத்துப் பட்டையும் பெரும்பாலும் நேராக இருக்கும். மேலே உள்ள வெட்டுப் பட்டையை மட்டும் மாற்றித் தந்தியைத் திருப்பிக் கட்டிக்கொள்ளலாம். சின்னக் குழந்தைக்கு முதல் கருவியாக இது நல்ல வழி. பெரிய செலவும் இல்லை.

உலகப் புகழ் பெற்றவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியைப் பிடித்தார்கள். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வலது கை கிட்டாரைத் திருப்பிப் போட்டு, தந்திகளை மாற்றிக் கட்டிக்கொண்டார். ஆல்பர்ட் கிங் தந்தியைக்கூட மாற்றவில்லை, தலைகீழாகவே வாசித்தார். மார்க் நாஃப்ளர் இடது கைப் பழக்கம் உள்ளவர், ஆனால் வலது கைக்காரர் மாதிரியே வாசித்துப் பேர் வாங்கினார். பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னியின் கதை நம் விஷயத்துக்கு ரொம்ப நெருக்கம். முதல் கிட்டாரை வலது கைக்காரர் மாதிரி வாசிக்கப் பார்த்துத் திணறிக்கொண்டிருந்தார். ஸ்லிம் விட்மன் என்ற பாடகர் கிட்டாரை இடது பக்கம் பிடித்திருக்கும் படம் ஒன்றைப் பார்த்தார். அப்படியும் வாசிக்கலாம் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. தந்திகளைத் திருப்பிக் கட்டினார், கை ஓட ஆரம்பித்தது.

நாஃப்ளர் மாதிரி ஆட்களைக் காட்டி, எல்லாக் குழந்தையையும் வலது பக்கமே பழக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. கிட்டாரில் இரண்டு கைக்கும் நுணுக்கமான வேலை இருப்பதால் சிலருக்கு அது ஒத்துவரும் என்பதும் உண்மை. ஆனால் ஒத்துவருகிறதா என்பதைக் குழந்தையின் கைதான் சொல்ல வேண்டும். கருவி இல்லாமல் வெறுங்கையால் கிட்டார் வாசிப்பது போல நடித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் கை தாளத்தை மீட்டுகிறது என்று பாருங்கள். ஒரு தடவை மட்டும் பார்க்காமல், சில நாள் விட்டு விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் இடது கையே மீட்டினால், முதல் மாதத்திலேயே அதை அடக்கிப் பழக்க ஒரு அவசியமும் இல்லை. வாத்தியார் வலது கைக்காரராக இருந்தால் பக்கத்தில் உட்கார வைக்காமல் எதிரே உட்கார வைக்கச் சொல்லுங்கள். மிருதங்கத்தில் பார்த்த அதே கண்ணாடி இங்கேயும் வேலை செய்யும்.

காஞ்சிபுரம் சொல்லும் இன்னொரு பக்கம்

பழனி சுப்ரமணிய பிள்ளை இளைஞராக இருந்த காலத்தில் லயத்துக்குப் பேர் போன ஊர்களில் காஞ்சிபுரம் முக்கியமானது. காரணம், காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை. 1889-ல் பிறந்தவர். பெரிய பாடகியான தனகோடி அம்மாளின் சகோதரி மகன். இளமையில் பாட்டை விட்டுவிட்டு உடற்பயிற்சி, குஸ்தி என்று திரிந்தவர், பிறகு பாட்டில் இறங்கி, தாளக் கணக்கில் அன்றைய பாடகர்கள் யாரும் தொடத் தயங்கிய உயரத்துக்குப் போனார். திருப்புகழை மேடையில் விரும்பிப் பாடியவர். காஞ்சிபுரத்தில் அவர் நடத்திய தியாகராஜர் உற்சவத்தைக் கேட்டு வளர்ந்தவர்களில் அதே ஊர்ப் பெண்ணான டி.கே.பட்டம்மாளும் ஒருவர்.

நயினாப் பிள்ளையின் கச்சேரிக்கு ஃபுல் பெஞ்ச் கச்சேரி என்று பேர். வயலின், மிருதங்கம் மட்டும் போதாது. கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடை நிறைய ஆட்கள். எல்லோரும் ஒரு பல்லவியைச் சுற்றி வளைத்து நிற்க, நடுவில் இவர் அசராமல் தாளம் போட்டுப் பாடிக்கொண்டிருப்பார். அந்த மேடையில் கஞ்சிராவோடு உட்கார்ந்தவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை. புதுக்கோட்டை வழியின் கணக்குக்கு உரைகல்லாக இருந்தது காஞ்சிபுரத்துப் பாட்டு என்று சொன்னால் தப்பில்லை. பழனி சுப்ரமணிய பிள்ளைக்குக் கிடைத்த லயக் கல்வி இந்தச் சூழலில் உருவானது. நயினாப் பிள்ளை 1934-லும் தட்சிணாமூர்த்தி பிள்ளை 1936-லும் காலமானார்கள். அப்போது அவர் முப்பதைத் தொடாத இளைஞர்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு ஒரு சின்ன விஷயம். பட்டுச்சேலையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடா போட்டு நெய்து கோர்க்கும் முறைக்குக் கோர்வை என்று பெயர். தறியில் நெய்பவர் ஒருவர், கரைக்கு நாடா போடப் பக்கத்தில் உதவியாள் ஒருவர், இப்படி நாலு கை சேர்ந்து செய்யும் வேலை. மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்தின் முடிவில் மூன்று முறை வாசித்துத் தாளத்தோடு கொண்டுவந்து சேர்க்கும் கணக்குக் கோப்புக்கும் கோர்வை என்றுதான் பெயர். இரண்டிலும் ஒரு இழை பிசகினாலும் சேர்ந்த இடத்தில் தெரிந்துவிடும். எந்தக் கையால் போட்டார்கள் என்பது மட்டும் தெரியாது.

கஞ்சிரா கொடுத்த வழி

மிருதங்கத்தோடு மேடை ஏறுவது சிக்கலாக இருந்த காலத்தில் பழனி சுப்ரமணிய பிள்ளைக்குக் கைகொடுத்தது அவருடைய வழியின் மூலக்கருவியான கஞ்சிரா. வலது கைக்காரர் இடது கையில் பிடித்து வலது கையால் வாசிப்பார். இவர் மாற்றிப் பிடித்தால் போதும். கஞ்சிராவுக்கு வலந்தலை, தொப்பி என்று இரண்டு முகம் கிடையாது. அது எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் சபைக்குக் கேட்கும். வயலின்காரர் எழுந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை.

பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம், பழனி சுப்ரமணிய பிள்ளை கஞ்சிரா என்று அமைந்த கச்சேரிகளுக்கு அந்தக் காலத்தில் தனி மவுசு இருந்தது. மணி ஐயர் 1912-ல் பிறந்தவர், இவரைவிட நாலு வயது இளையவர். தஞ்சாவூர் வழியில் வந்தவர். இரண்டு வேறு பாணிகள் ஒரே மேடையில் மோதி, பிறகு சேரும். ரசிகர்களுக்கு விருந்துதான். ஆனால் கஞ்சிரா உபபக்கவாத்தியம், அதாவது இரண்டாவது இடம். முதல் இடத்தில் மிருதங்கத்தோடு உட்கார வேண்டும் என்ற ஆசை இவருக்குப் போகவில்லை.

செம்பை எடுத்த முடிவு

அந்த இடத்தில் வந்தவர் செம்பை வைத்தியநாத பாகவதர். பாலக்காட்டுப் பக்கம் செம்பை கிராமத்துக்காரர், 1896-ல் பிறந்தவர். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கும் வெண்கலக் குரல். புது ஆட்களை மேடையில் ஏற்றிவிடுவது அவருக்கு ஒரு பழக்கம். சிறு பையனாக இருந்த பாலக்காடு மணி ஐயரை மேடை ஏற்றியவர்களில் முக்கியமானவரும் அவர்தான்.

பழனி சுப்ரமணிய பிள்ளை விஷயத்தில் செம்பை எடுத்த நிலை ரொம்ப எளிமையானது. இந்தப் பையனின் வாசிப்பு வேண்டும். அதற்கு அவன் என் இடப்பக்கம் உட்கார வேண்டும். எனவே வயலின் வலப்பக்கம் வரட்டும். மாற மனமில்லாதவருக்காக மிருதங்கக்காரரை விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை. இதில் கவனிக்க வேண்டியது, இடம் மாறச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பது. இளைஞர் கேட்டிருந்தால் திமிர் என்றிருப்பார்கள். சபாக்காரர் கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும். நடுவில் உட்கார்ந்திருக்கும் பாடகர், அதுவும் செம்பை மாதிரி ஒருவர் சொன்னபோது மறுப்பது கஷ்டம்.

ஒரு பெரியவர் செய்ததைப் பார்த்து மற்றவர்களுக்கும் தயக்கம் போனது. அதற்குப் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஜி.என்.பாலசுப்ரமணியம், மதுரை மணி ஐயர், ஆலத்தூர் சகோதரர்கள், புல்லாங்குழல் மாலி என்று அன்றைய முன்னணிக் கலைஞர்கள் அவரைத் தேடினார்கள். பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்ரமணிய பிள்ளை, ராமநாதபுரம் சி.எஸ்.முருகபூபதி ஆகிய மூவரையும் மிருதங்க மும்மூர்த்திகள் என்று ரசிகர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அவர் வாசிப்பில் என்ன விசேஷம்?

மிருதங்கம் தெரியாதவர்களும் அவர் வாசிப்பில் சட்டென்று பிடித்துக்கொள்வது கும்கி. தொப்பிப் பக்கத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியை அழுத்தித் தேய்க்கும்போது நாதம் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு வருமே, அதுதான். பாட்டோடு சேர்ந்து மிருதங்கமும் பாடுகிற மாதிரி இருக்கும். வலந்தலையில் அவர் போடும் அரைச்சாப்பும் அப்படித்தான், வித்வான்கள் இன்றும் பேசுவார்கள்.

எல்லா வலது கைக்காரர்களுக்கும் தொப்பி இடது கையில் இருக்கும். இவருக்கோ வலது கையில். அதனால்தான் அவர் கும்கி அப்படி இருந்தது என்று காரணம் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. கேட்க சுவாரசியம்தான். ஆனால் கும்கியில் பேர் வாங்கிய வலது கைக்காரர்களும் இருக்கிறார்கள். சாதகத்தின் பலனை எல்லாம் கையின் கணக்கில் எழுதிவிடுவது, முன்பு குறையை எல்லாம் அதே கையின் கணக்கில் எழுதியதற்கு ரொம்ப தூரமில்லை.

அவருடைய பழைய ஒலிப்பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். வாசிப்பவர் இடது கைக்காரர் என்று சொல்ல முடிகிறதா? முடியாது. புகைப்படத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

குருவாக

தனக்குக் கிடைக்காத வரவேற்பை மாணவர்களுக்குக் கொடுப்பதில் அவர் குறை வைக்கவில்லை. அவரிடம் கற்றவர்களில் உலகம் அறிந்த பெயர் திருச்சி சங்கரன். 1955-ல், 13 வயதில், ஆலத்தூர் சகோதரர்கள் கச்சேரியில் குருவோடு சேர்ந்து மேடையேறினார் சங்கரன். தன்னை மேடை ஏற்ற ஒரு செம்பை வர வேண்டியிருந்தது என்பதை அறிந்த குரு, மாணவனைப் பக்கத்தில் உட்கார வைத்தே அரங்கேற்றினார். சங்கரன் 1971-ல் கனடாவின் டொராண்டோ போய் யார்க் பல்கலைக்கழகத்தில் இந்திய இசை கற்பிக்க ஆரம்பித்தார். 2011-ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது அவருக்குக் கிடைத்தது. புதுக்கோட்டை வழியின் கணக்கு அப்படிக் கடல் தாண்டியது.

குரு அதைப் பார்க்க இருக்கவில்லை. பழனி சுப்ரமணிய பிள்ளை 1962-ல் காலமானார். வயது 54 தான்.

அவருக்குப் பிறகு

அவருக்குப் பின்னால் வந்த இடது கை மிருதங்கக்காரர்களில் இரண்டு பெயர்கள் முக்கியமானவை. ஒருவர் தஞ்சாவூர் உபேந்திரன். இன்னொருவர் டி.வி.கோபாலகிருஷ்ணன். பாடகராகவும் பேர் பெற்ற கோபாலகிருஷ்ணன், வேறு யாரிடமும் இல்லை, அதே செம்பையிடம் பாட்டு கற்றவர்.

இப்போது டிசம்பர் சீசனில் ஏதாவது சபாவுக்குப் போனால் கவனித்துப் பாருங்கள். மிருதங்கம் வாசிப்பவர் இடது கைக்காரர் என்றால் அவர் பாடகரின் இடப்பக்கம் போய் உட்காருவார். வயலின்காரர் தன் பையை எடுத்துக்கொண்டு வலப்பக்கம் போவார். மைக்காரர் வந்து இரண்டு மைக்கையும் இடம் மாற்றி வைப்பார். பாடகர் தம்புராவைச் சரி பார்ப்பார். இரண்டு நிமிஷத்தில் வர்ணம் ஆரம்பித்துவிடும்.